மரத்துக்கு மறுபார்வை உண்டு, மாதருக்கு?

பால் மரத்தின் வெட்டுப் பட்டையில் கறுப்புக் கோடு விழுந்தால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதை நம் தோழர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மரம் வெட்டுகிறவர் தண்டலிடம் சொல்கிறார். தண்டல் வந்து பார்க்கிறார். மரத்தில் அடையாளம் போட்டு மருந்து பூசுகிறார்கள். தேவையானால் சில நாள் வெட்டை நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு மறுபடியும் போய்ப் பார்க்கிறார்கள். புண் ஆறியதா, பரவியதா என்று தெரியும்வரை அந்த மரத்தை விடுவதில்லை.

அதே நிரையில் மரம் வெட்டும் பெண்ணின் வயிற்றில் கட்டி இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லி, "மூன்று மாதம் கழித்து வா" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தச் சீட்டு எங்கே போகிறது? சாமி படத்துக்குப் பின்னால் போகிறது. பிஸ்கட் டின்னுக்குள் போகிறது. மூன்று மாதம் ஆறு மாதமாகிறது. ஆறு மாதம் இரண்டு வருஷமாகிறது. மரத்துக்கு மறுபார்வை உண்டு, மாதருக்கு இல்லை.

கூலிப் பேச்சும் போனஸ் பேச்சும் வரவேண்டிய பக்கத்தில் பெண்களின் வயிற்றுச் சங்கதி எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். இதுவும் கூலிப் பேச்சுதான் என்பதைக் கட்டுரை முடிவதற்குள் காட்டிவிடுகிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுவதே நியாயம்.

சென்ற ஆண்டு ஒரு சம்பள நாளன்று செக்ரோல் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வலப்பக்க அடிவயிற்றில் கடுமையான வலி கண்டது. குடல்வால் என்று நினைத்து ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் குடல்வாலில் குற்றமில்லை. ஆனால், யாரும் தேடாத ஒன்று அகப்பட்டது. வலப்பக்கச் சினைப்பையில் 5.6 சென்டிமீட்டர் அளவில் ஒரு நீர்க்கட்டி. உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருப்பதுபோல் தெரிகிறது என்றார் டாக்டர். தாளில் மலாய் மொழியில் 'சிஸ்தா' என்று எழுதியிருந்தது. எனக்கு வயது 36; இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்தார்கள். நான்காம் நாள் வலி நின்றுவிட்டது.

வலி நின்றது, குழப்பம் ஆரம்பித்தது. "வலிதான் போயிருச்சே, அப்புறம் ஏன் போயி நோண்டுறே? சும்மா கெடக்கிறதைக் கிளறினா பெரிசாயிடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியார் கஷாயம் காய்ச்சினார். என் வீட்டுக்காரர், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு சொல்லில் எவ்வளவு பயம் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். நானும் பயந்துபோய் ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். "வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து, இந்த வாரமே எடுத்துவிடலாம்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் இருவருடைய நான்கு மாதச் சம்பளம். ஆகவே, ஒரு பக்கம் போகவே வேண்டாம் என்றது. மற்றொரு பக்கம் உடனே வெட்டு என்றது. இரண்டுக்கும் நடுவில், "மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்" என்று எழுதிய அந்தச் சிறிய சீட்டுக்குப் பரிந்து பேச ஒருவரும் இல்லை.

அந்தச் சீட்டில் எழுதியது ஏன் சரி என்பதை எனக்கு விளக்கியவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி. மாதவிலக்கு நடக்கும் பெண்ணின் சினைப்பையில் மாதந்தோறும் ஒரு சிறிய நீர்ப்பை உண்டாகிறது. அது வளர்ந்து வெடித்துக் கருமுட்டையை வெளியே விடுகிறது. சில மாதம் அது வெடிக்காமல் ஊதிவிடும். அல்லது வெடித்த இடம் மூடிக்கொண்டு உள்ளே நீரோ ரத்தமோ தேங்கிவிடும். அதுதான் பெரும்பாலான நீர்க்கட்டி. அது நோயல்ல, உடம்பு தன் வேலையைச் செய்ததில் நேர்ந்த ஒரு சிறு பிசகு. இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாகவே வற்றிவிடும். ஆகவேதான் மூன்று மாதத் தவணை. வற்றிவிட்டால் அது இந்த வகை. வற்றாமல் நின்றாலோ வளர்ந்தாலோ அது வேறு வகை. தலைமுடியும் பல்லும்கூட உள்ளே இருக்கும் கட்டி உண்டு. கருப்பையின் உள்சவ்வு இடம் மாறி வளர்ந்து, பழைய ரத்தம் கட்டி, சாக்லேட் நிறத்தில் இருக்கும் கட்டி உண்டு. இவையும் புற்றுநோயல்ல, ஆயினும் கவனிக்க வேண்டியவை. மிகச் சில மட்டுமே புற்றுநோய். முதல் நாள் ஸ்கேனில் சந்தேகமாக இருப்பதைப் பல சமயம் இரண்டாவது ஸ்கேன்தான் தீர்த்து வைக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் போகாமல் இருக்கவே நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வலியில்லை, வேலை அதிகம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். என் மனத்தை மாற்றியது இன்னொருவர் வைத்துவிட்டுப் போன சீட்டு.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவல்ல, ஆனாலும் தோட்டமே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். பதினைந்து வயதில் வாளி தூக்கியவர். பால் மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகும், மிச்சமிருந்த ரப்பர்க் காட்டில் 58 வயதுவரை மரம் வெட்டியவர். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. "வாயு" என்றார். இரண்டு கவளம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனார், வயசாச்சு என்றார். கடைசியில் கொண்டுபோனபோது நோய் வயிறு முழுதும் பரவிவிட்டது. சினைப்பைப் புற்று. ஆறு மாதத்தில் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு அவர் மகள் பிஸ்கட் டின்னில் இருந்த காகிதங்களை என்னிடம் கொண்டுவந்தாள், சேமநிதிக்கு எழுதிப் போட. அவற்றுள் ஒரு சீட்டு இருந்தது. அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், பித்தப்பைக் கல் என்று ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகச் சினைப்பையில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. மறுபடியும் வரவேண்டும் என்று தேதி போட்டிருந்தது. அவர் போகவில்லை.

அன்று போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால், அவருக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. அது டின்னுக்குள் கிடந்தது. அது மட்டுமா? பழைய செக்ரோலை எடுத்துப் புரட்டினேன். முதல் ஸ்கேனுக்காக அவர் ஆஸ்பத்திரிக்குப் போன தேதிக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியிருந்தது. அந்த நாளுக்குக் கூலி இல்லை. எழுதிய கை என் கை.

எனக்கு வந்ததும் நீர்க்கட்டி. பெரியம்மாவுக்கு வந்ததும் நீர்க்கட்டி என்றுதான் தொடங்கியது. சொல் ஒன்று, பொருள் ஒன்றல்ல. மறுபடி போக வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு முன் நம் சகோதரிகள் டாக்டரிடம் நான்கு கேள்வி கேட்கவேண்டும்.

முதல் கேள்வி: மாதவிலக்கு நடக்கிற வயதா, நின்றுவிட்ட வயதா? இதுதான் பெரிய வேறுபாடு. நடக்கிற வயதில் நீர்க்கட்டி சகஜம். நின்றுவிட்ட பிறகு வருவதைச் சிறிதென்றும் அலட்சியம் செய்யலாகாது. அப்போதும் பெரும்பாலானவை தீங்கற்றவைதாம், ஆனால் சரிபார்த்தே தீரவேண்டும்.

இரண்டாவது: அளவு என்ன? பிரிட்டனின் மகப்பேறு நிபுணர்கள் வகுத்திருக்கும் வழிமுறை இது. மாதவிலக்கு நடக்கும் பெண்ணுக்கு, வெறும் நீர் மட்டும் உள்ள கட்டி 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக மறுபடி ஸ்கேனே வேண்டியதில்லை. 5 முதல் 7 வரை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். 7-க்கு மேல் என்றால் மேலும் சோதிக்கவோ, எடுத்துவிடவோ யோசிக்கவேண்டும். மாதவிலக்கு நின்றவருக்கோ, 5-க்குக் குறைந்த நீர்க்கட்டியாக இருந்து ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால்கூட நாலு முதல் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். ஓராண்டு மாறாமல் இருந்தால்தான் விடுகிறார்கள்.

மூன்றாவது: உள்ளே வெறும் நீர் மட்டுமா, கெட்டியாக ஏதேனும் இருக்கிறதா, தடுப்புத் தடுப்பாக இருக்கிறதா? வெறும் நீர் என்றால் அச்சம் குறைவு. கெட்டிப் பகுதி இருந்தால் தவணை தவறக் கூடாது. என் கட்டியில் ரத்தம் கலந்திருந்ததால்தான் ஓராண்டு விடாமல் மூன்று மாதத்தில் வரச் சொன்னார்கள்.

நான்காவது: உடம்பில் வேறு குறி உண்டா, குடும்பத்தில் உண்டா? வயிறு உப்பல், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகிய இவை என்றோ ஒருநாள் வந்து போனால் பயமில்லை. புதிதாக வந்து, வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், 50 வயதுக்கு மேற்பட்டவர் அதை "வாயு" என்று தள்ளிவிடக் கூடாது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இந்த நான்குக்கும் பதில் கேட்ட பிறகு, "நீ வரவேண்டியதில்லை" என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அதற்கு மேலும் அங்கே ஒரு ஸ்கேன், இங்கே ஒரு ஸ்கேன் என்று காசைக் கொட்டுவது வீண். ஆனால் "வா" என்று தேதி போட்டால் வரத்தான் வேண்டும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் தேதி பார்க்கக் கூடாது. கட்டியின் பாரத்தால் சினைப்பை முறுக்கிக்கொள்வது உண்டு. திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், மயக்கம் வந்தால், நடுராத்திரியானாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நேரத்தோடு போனால் சினைப்பையைக் காப்பாற்றலாம்.

கட்டியை எடுத்தால் பிள்ளை பிறக்காது என்ற பயம் நம் இளம் பெண்களிடம் அதிகம். இது தவறு. இளம் வயதில் முடிந்தவரை கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைக்கிறார்கள். ஒரு சினைப்பையையே எடுக்க நேர்ந்தாலும் மற்றொன்றைக் கொண்டு கருத்தரிக்கலாம்.

"அப்படியானால் தோட்டத்துப் பெண்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கோரிக்கை வைப்போமே" என்று ஒரு தோழியர் கூட்டத்தில் சொன்னார். எண்ணம் நல்லது, ஆனால் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 78,000-க்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வந்தது. நோய்க்குறி இல்லாதவர்களுக்கு ஆண்டுதோறும் ஸ்கேனும் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையும் செய்ததால் சினைப்பைப் புற்றில் சாவு குறையவில்லை. நோயே இல்லாமல் நோய் இருப்பதாகக் காட்டப்பட்டவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் ஆபரேஷன் மேஜையில் படுத்தார்கள். பிரிட்டனில் 2001-இல் தொடங்கி 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியும் 2021-இல் அதே முடிவுக்குத்தான் வந்தது. அந்த ரத்தப் பரிசோதனை புற்றுநோய் இல்லாத வேறு பல காரணங்களாலும் உயர்ந்து காட்டும். ஆகவே, ஒன்றுமில்லாதவர்களைத் துருவுவது வேறு. ஒன்று கண்டுவிட்ட பிறகு அதைப் பார்த்து முடிப்பது வேறு. நாம் கேட்கவேண்டியது இரண்டாவது.

சரி, தேதி போட்டுக் கொடுத்தும் நம் பெண்கள் ஏன் போவதில்லை? அறியாமை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை.

1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் கிராஃபோர்டு என்ற குடியானவப் பெண்ணின் வயிறு பெருத்திருந்தது. கர்ப்பம் என்று நினைத்திருந்தார்கள். எஃப்ரேம் மெக்டவல் என்ற டாக்டர் வந்து பார்த்து, இது சினைப்பைக் கட்டி என்றார். அதுவரை அப்படி ஒரு கட்டியை எவரும் வெற்றியோடு எடுத்ததில்லை. இருந்தும் அந்த அம்மாள் சம்மதித்து, குளிர்காலத்தில் குதிரைமேல் 60 மைல் பயணம் செய்து டான்வில் ஊருக்குப் போனார். மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம். இருபத்தைந்து நிமிஷத்தில் 10 கிலோவுக்கும் அதிகமான கட்டியை எடுத்தார்கள். அந்த அம்மாள் மேலும் 32 ஆண்டு வாழ்ந்தார். உயிர்மேல் ஆசை அவருக்கு எவ்வளவோ அவ்வளவு நம் தோட்டத்துப் பெண்ணுக்கும் உண்டு. அவருக்குக் குறுக்கே நின்றது 60 மைல். நம் பெண்ணுக்குக் குறுக்கே நிற்பது 65 வெள்ளி 38 காசு.

கணக்குப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் நம்மிடம் வாங்குவது 1 வெள்ளி. ஆஸ்பத்திரியில் நிபுணர் டாக்டரைப் பார்க்க 5 வெள்ளி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. விடியற்காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துவதற்குள் பகல் ஆகிவிடும். ஆஸ்பத்திரிக்கோ காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கவேண்டும். ஆகவே போகிறவள் முழு நாளையும் இழக்கிறாள். மழை விழுந்து வேலை கெட்ட மாதமாக இருந்தால் அந்த ஒரு நாள் இரண்டு நாளுக்குச் சமம். வலியே இல்லாத ஒரு கட்டியைப் பார்ப்பதற்கு 65 வெள்ளியை விடவேண்டும் என்றால், பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க வேண்டியவள் எதைத் தெரிந்தெடுப்பாள்? அவள் போடுவது தப்புக் கணக்கல்ல. அவளிடம் கொடுத்த கணக்குத்தான் தப்பு.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவை உள்ளவருக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 18 நாளும், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். அது 2023 ஜனவரி முதல் தனிக் கணக்கு. ஆனால், இது எம்.சி. கிடைத்தால்தான். தேதிக்குப் போய் ஸ்கேன் எடுத்துத் திரும்புகிறவளுக்குப் பெரும்பாலும் எம்.சி. கொடுப்பதில்லை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இங்கே இருந்தாள் என்று ஒரு நேரச் சீட்டுத்தான் கொடுக்கிறார்கள். நேரச் சீட்டுக்குக் கூலி உண்டென்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. படுத்துவிட்டால் கூலி உண்டு. படுக்காமல் தடுத்துக்கொள்ளப் போனால் கூலி இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக அரசாங்கம் 2019-இல் தொடங்கிய பெகா பி40 திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு உதவித் தொகை வைத்தது, வரவேற்கிறோம். ஆனால் அது நோய் வந்த பிறகு. நோயா இல்லையா என்று பார்க்கப் போகும் அந்த ஒரு நாளுக்கு வழி என்ன?

நான் போனேன். எனக்குச் சம்பளம் பிடிக்கவில்லை. நான் மாதச் சம்பளக்காரி. இரண்டாவது ஸ்கேனில் என் கட்டி 1.5 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. இனி வரவேண்டியதில்லை என்றார் டாக்டர். அதாவது, போகாமல் இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியானால் போனது வீணா? மூன்று மாதம் வராத தூக்கம் அன்றிரவு வந்தது. அந்தத் தூக்கத்தை வாங்க என்னால் முடிந்தது, பெரியம்மாவால் முடியவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது அறிவு வித்தியாசமல்ல, செக்ரோல் வித்தியாசம்.

ஆகவே, சங்கத்தின் முன் என் கோரிக்கை மூன்று. முதலாவது, ஆஸ்பத்திரி தேதி போட்டு அழைத்த நாளுக்கு, நேரச் சீட்டைக் காட்டினால் அன்றைய கூலியைக் கொடுக்கவேண்டும் என்று அடுத்த ஒப்பந்தப் பேச்சில் கேட்கவேண்டும். ஒரு பெண்ணுக்கு ஆண்டில் ஒன்றோ இரண்டோ நாள். தோட்டம் இதனால் மூழ்கிவிடாது. இரண்டாவது, ஒவ்வொரு கிளையிலும் மகளிர் பகுதித் தோழியர் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கவேண்டும். பேரும் தேதியும் போதும். நோயின் பெயர் வேண்டாம். அது அவளுடைய சொந்த விஷயம். தேதிக்கு முதல்நாள் ஞாபகப்படுத்தவேண்டும். மலாய் புரியாதவருக்குத் துணையாகப் போகவேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெஸ்ஸர் பிரட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எல்லா நோய்க்கும் ஒரே கலர்த் தண்ணீரைக் கொடுத்த அந்தக் காலம் திரும்ப வேண்டாம். கூப்பிடுகிற அந்தக் குரல் மட்டும் வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை என் இனத்தாராகிய கிராணிமார்களுக்கு. பேனா நம் கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனவளின் பேருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதுமுன், எங்கே போனாள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டு, "ஆஸ்பத்திரி" என்று எழுதுங்கள். நாளைக்குச் சங்கம் கூலி கேட்கும்போது அந்த ஒரு சொல்தான் சாட்சி.

சகோதரிகளே! கட்டி என்ற சொல்லைக் கேட்டுக் கலங்க வேண்டாம். பெரும்பாலும் அது வற்றிவிடும். வற்றியதா என்று பார்க்காமல் விடவும் வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள். தேதி கடந்துபோன சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். தேதி தவறியதற்கு யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் சங்கத்துக்கு வாருங்கள்.

ஒரு தோட்டத்துப் பெண் கிராணி, பேராக்